பின்னறைச் செருப்பு

"நல்லா பிடிங்கப்பா, நழுவுது!" என்றாள் மகள்.

அவர் பிடித்தார். மனைவியின் அடக்கம் முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுடைய பழைய துண்டில் சுற்றிய பூனை அவர் மடியில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்த பூனை டாக்டர், மகள் கேட்டதால் சோதனைப் பட்டையும் கொண்டுவந்திருந்தார். ஒரு சொட்டு ரத்தம் வைத்தாயிற்று. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

மகள் சாயங்காலம் கிளம்புகிறாள். முன்னறைப் பூனைகள் இரண்டும் கூடைக்குள் ஏறிவிட்டன. இதற்கு நோய் இருந்தால் கூட்டிப்போக முடியாது, காப்பகத்திலும் வாங்க மாட்டார்களாம். ஊசி போட்டுக் கொல்ல வேண்டியதுதான்.

குட்டியாக இருந்தபோது எடுத்த ரத்தத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் ரெட்ரோவைரஸ் என்று வந்தது. கடித்தால் மற்றதுக்கும் தொற்றும், தீர்க்க மருந்து கிடையாது. முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்த மனைவி விடுவாளா? பின்னறையையே தனி வார்டாக்கினாள். தனிக் கிண்ணம், தனித் துண்டு, வாசலில் தனிச் செருப்பு. பாவம், ஒண்டியாகக் கிடக்கிறதே என்று ராத்திரி சாப்பாட்டையும் அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏழு வருடம். அவர் முன்னறையில் தனியாகச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் பேசியதும், "உள்ள போறப்போ செருப்பை மாத்திக்கங்க" என்றுதான்.

"நெறைய பூனைக்கு இது இருக்குமா டாக்டர்?" என்றாள் மகள்.

"வீட்டுப் பூனைன்னா நூத்துல மூணு நாலுக்கு இருக்கும். தெருவுல சண்டை போடுற கடுவனுக்குத்தான் அதிகம்." டாக்டர் பட்டையை வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரே கோடு. இதுக்கு ஒண்ணுமில்லம்மா."

"அப்போ முதல்ல வந்தது?"

"தாய்க்கு இருந்திருக்கும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சத்து குட்டி ரத்தத்துல கொஞ்ச மாசம் அப்படிக் காட்டும், அப்புறம் போயிடும். அதான் ஆறு மாசம் கழிச்சு மறுபடி கொண்டாங்கன்னு ஃபோன் பண்ணேனே. சார்தான் எடுத்தீங்க."

மகள் திரும்பிப் பார்த்தாள். "அம்மாகிட்ட சொல்லலையாப்பா?"

"மறந்து போச்சும்மா."

பொய். சொல்லி, நோயில்லை என்று வந்துவிட்டால் பூனை கட்டிலில் ஏறும், மெத்தையெல்லாம் முடியாகும், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். ஒரு வருடம் போனபின் சொல்ல வாய் வரவில்லை. படுபாவி, படுபாவி என்று உள்ளுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார்.

பிடி தளர்ந்ததும் பூனை துண்டிலிருந்து குதித்து நேரே பின்னறைக்குள் போய்விட்டது.

"போய்த் தூக்கிட்டு வாங்கப்பா" என்றாள் மகள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கூடையோடு போனார். வாசலில் நின்றார். தன் செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவியின் சின்னச் செருப்புக்குள் காலை நுழைத்தார். குதிகால் வெளியே நின்றது.