வாளியில் ஒரு முனை

கிள்ளான் ஐஸ் கம்பெனியில் எஞ்சின் என் பொறுப்பு. பக்கத்தில் நின்று காது கொடுத்தால் போதும், எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்படியிருக்க, கம்பெனி துரை பிரிக்பீல்ட்ஸிலிருந்து லியனார்டைக் கூட்டிவந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். கால்சட்டை மடிப்புக் கலையாது.

அவன் கொண்டுவந்தது இரண்டு கம்பி. ஒன்று இரும்பு, மற்றது வேறு ஏதோ உலோகம். இரண்டு முனையிலும் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கியிருந்தான். ஒரு கம்பியை நடுவில் வெட்டி, முள் ஆடுகிற பெட்டியைக் கோத்திருந்தான். ஒரு முனை எஞ்சின் புகைக்குழாயில், மறுமுனை ஐஸ் வாளியில்.

"பேட்டரி எங்கேடா?"

"வேணாம் அண்ணே. சூடே கரண்ட் கொடுக்கும்."

"யார் காதுல பூ சுத்துறே?"

ஒவ்வொரு சிலிண்டரின் புகைவாயிலும் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது சிலிண்டர் அளவுக்கு மேல் சுடுகிறது, வால்வு போயிருக்கும் என்றான். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றேன். திறந்து பார்ப்போம், சொன்னது தப்பானவன் இனி எஞ்சினைத் தொடக்கூடாது என்றார் துரை.

திறப்பதற்கு முன்னால், கம்பியின் இரண்டு முனையையும் என் தேத்தண்ணியில் முக்கினேன். ஆவி பறந்தது. முள் செத்துக் கிடந்தது.

"பாருங்க துரை, தேத்தண்ணி சுடலையாம்லா!"

துரை சிரித்தார். லியனார்ட் சிரிக்கவில்லை. ஒரு முனையைப் பிடுங்கி ஐஸில் போட்டான். முள் நகர்ந்தது.

"ரெண்டு முனையும் ஒரே சூட்டுல இருந்தா கரண்ட் வராது அண்ணே. ஒண்ணு சுடணும், ஒண்ணு குளிரணும். அந்த வித்தியாசத்தைத்தான் முள் காட்டும்."

"ரெண்டாவது சிலிண்டர்ல வை."

வைத்தான். முள் பாதியில் நின்றது. மூன்றாவதில் வைத்தான். விறுவிறுவென்று ஏறியது. மறுபடியும் வைக்கச் சொன்னேன். அதே கதை.

எஞ்சினை நானே நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால், வால்வின் ஓரம் கடித்த நகம் மாதிரி தீய்ந்து தேய்ந்திருந்தது.

துரை என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி அவனிடம் கொடுத்தார். எனக்கு ஐஸ் தூக்குகிற வேலை.

இப்போது தினமும் கத்துகிறான். "அண்ணே, வாளி கரைஞ்சுபோச்சு! ஐஸ்!"

ஐஸ் போகாவிட்டால் வாளித் தண்ணீர் சூடேறும். வித்தியாசம் குறையும், முள்ளும் குறைத்துக் காட்டும். அதை நம்பி ஓட்டி எஞ்சினைக் கெடுப்பான். அப்படியே விட்டுவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை.

ஐஸைத் தூக்கிப்போய்த் தொப்பென்று போடுகிறேன். தண்ணீர் அவன் கால்சட்டையில் தெறிக்கிறது.

"வேணும்னே செய்றீங்க."

"ஆமாடா. எஞ்சின் என்னோடது. நீ வாளியைப் பாரு."