கீழே உள்ள ஹோஸ்

...அதை மட்டும் ஏன் தொடாதே என்றான், வாங்கி வந்தது முழு செட் ஆயிற்றே, இந்தக் கிழட்டு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்கு ரேடியேட்டர் ஹோஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று கோட்டாறு கடைக்காரர் முகம் சுளித்ததையும் பொறுத்துக்கொண்டு, நாலு நாள் காத்திருந்து வாங்கியதில் ஒன்றை மட்டும் எதற்கு மிச்சம் வைப்பதாம்? சஜிதா ரேடியேட்டருக்கு அடியில் பிளாஸ்டிக் பேசினைத் தள்ளிவைத்து அடைப்பானைத் திருகினாள், பச்சை நிறத் தண்ணீர் கொட்டியது. மூன்று வருடமாக லீவு கிடைக்கவில்லை என்று ஷார்ஜாவில் கிடக்கிற புருஷன், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், வண்டியை ரெடியாக்கு என்கிறான், சரி. தோவாளையில் தன் கூட்டாளி எபின் வீட்டு ஷெட்டில் நிற்கிற வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது என்கிறான், அதுவும் சரி, கல்யாணமான நாளிலிருந்து டார்ச் பிடித்தும் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தும் அவளுக்கே பாதி வேலை படிந்துவிட்டது. ஆனால் சற்று முன் போனில், "ஏட்டி, கீழ உள்ள ஹோஸத் தொடாண்டாம், அது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டானே ரிஜோ... அங்கே இருந்துகொண்டு அவனுக்கு எப்படித் தெரியும்?

மேல் ஹோஸ் பிடித்து இழுத்ததுமே பிய்ந்தது, ரப்பர் உப்பி, வெடித்து, எப்படித்தான் இத்தனை நாள் தாங்கியதோ, ஹீட்டருக்குப் போகிற சின்ன ஹோஸ்கள் இரண்டும் அதே கதிதான். எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தாள். கீழ் ஹோஸ் வழவழவென்று கறுப்பு, புத்தம் புதுசு! கிளிப்பும் புதுசு, அதன் மேல் நெயில் பாலிஷில் ஒரு கோடு. அவளறிந்து ரிஜோவைத் தவிர யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை, கிளிப்பை முறுக்கியதும் அவளுடைய நெயில் பாலிஷை வாங்கி கிளிப்பிலும் ஹோஸிலுமாகச் சேர்த்து ஒரு கோடு இழுப்பான், கோடு விலகினால் கிளிப் நழுவியிருக்கிறது என்று அர்த்தமாம், அவளுடைய சிவப்பு பாட்டில்கள் எல்லாம் இப்படித்தான் தீர்ந்தன. ஆனால் இது கத்தரிப்பூ நிறம், அவள் ஜென்மத்தில் வாங்காத நிறம், யாருடையது... யாருடையதாக இருந்தால் என்ன, வந்திருக்கிறான் அடப்பாவி, இதே இடத்தில் மல்லாந்து கிடந்து காருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறான், பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லை, அவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டாளா அவள்?

வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. நகமெல்லாம் கத்தரிப்பூ. எபினின் மனைவி ஷைஜா, சாயா டம்ளரோடு. சஜிதா ஊர்ந்து வெளியே வந்தாள், குரல் என்னவோ சாதாரணமாகத்தான் வந்தது.

"அவிய எப்பம் வந்துட்டுப் போனாவ?"

"சாயா ஆறிப்போவும் மக்கா, குடி."

"ஷைஜா, நான் ஒன்னத்தான் கேக்கியேன்."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ, நான் என்ன செய்யட்டும்... ஜூலையில. பத்து நாளு இஞ்சதான் இருந்தாவ. எதுக்குன்னு எங்களுக்கும் சொல்லல்ல."

இவள்தான், இதே ஷைஜாதான், இன்றைக்குக் காலையில் வேலை தொடங்கும் முன் சஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடமாகப் பிரிந்திருக்கிற குடும்பத்தைச் சேர்த்து வையும் ஆண்டவரே என்று வாய் கூசாமல் ஜெபித்தாள், நானும் ஆமென் சொன்னேனே, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேனே! ஆண்டவரிடமே பொய் சொல்கிறவளிடம் என்னத்தைச் சண்டை போட? ஜூலை... ஜூலை என்றாளே, அப்பா போனதும் ஜூலையில்தானே...

"அப்பா அடக்கத்தன்னைக்கு?"

"அன்னைக்கும் இஞ்சதான் இருந்தாவ, மக்கா."

அன்றைக்கு இரணியல் கல்லறைத் தோட்டத்தில், பெட்டியை மூடுகிற வரைக்கும் போனை உயர்த்திப் பிடித்து அப்பாவின் முகத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள், கை கடுத்தும் இறக்கவில்லை, பாவம் கடலுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிறானே என்று... இரண்டு பஸ் ஏறினால் வந்திருக்கலாம். எபினும் ஷைஜாவும் வந்தார்களே, அவர்களோடாவது வந்திருக்கலாமே. கிட்டக் காட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு என்று விம்மினான், மாமா மாமா என்று ஏங்கினான், சுற்றி நின்றவர்கள்கூட போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்போது ஷெட்டில் போன் அடித்தது, ரிஜோதான், அவள் எடுக்கவில்லை, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு கிடந்தது. அத்தனையும் நடிப்பென்றால் தொலைந்தது சனியன் என்று தலைமுழுகிவிடலாம், நடிப்பாகத்தான் இருக்க வேண்டும், இருந்துவிட்டால் எவ்வளவோ நல்லது... ஆனால் எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அந்த அழுகை உண்மையாகத்தான் இருந்தது.