பதினேழாவது பிரேம்

திரையில் அந்த மனிதர் மறுபடியும் தடுக்கினார். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதே இடத்தில்.

"உங்க ஆள் நடக்கிறாரா, விக்கல் எடுக்கிறாரா?" என்றார் பக்கத்து நாற்காலி சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். நான் திரும்பவில்லை.

ஓர் எலும்பு மருத்துவமனையின் வாசலில் ஓடப்போகும், நான் வரையும் அசைபடம் அது. ஒரே ஒரு ஆள் நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆள் உயரத் திரை. புள்ளிகளை வளைகோடுகளால் இணைத்து வரைவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "அந்த நொண்டலை எடுத்துடுங்க. அதுதான் இடிக்குது. நாலு மணிக்குள்ள சரியாகலேன்னா ரெடிமேடா ஒரு ஆளை வாங்கிப் போட்டுக்கலாம்."

அந்த நொண்டல் என் அண்ணனுடையது.

விபத்துக்குப் பிறகு அவனுடைய இடது கால் சற்றுக் குட்டை. இரண்டு வருடமாகத் தெருப்பக்கமே போகவில்லை. போன வாரம் நான் கெஞ்சியதற்காக, ஹாலில் ஆறு முறை நடந்து காட்டினான். போனில் படம் பிடித்தேன்.

"மூஞ்சியைப் போடாதே, வாலு. பாக்கிறவன் சிரிப்பான்."

"உன் நடை அப்படியே வரும். ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க."

"பாக்கலாம்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று பொருள்.

இப்போது அந்த நடையைத்தான் அழித்துக்கொண்டிருந்தேன். இடது முழங்காலின் புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தினேன். இடுப்பின் சாய்வை நிமிர்த்தினேன். இடது தோள் இறங்குவதை நிறுத்தினேன். ஒரு சுற்று நடைக்கான பதினாறு பிரேம்களிலும், படம் படமாக. மதியத்துக்குள் திரையில் யாரோ ஒருவர் நடந்தார். என் அண்ணன் இல்லை.

ஓடவிட்டேன். தடுக்கினார்.

கையை மவுசிலிருந்து எடுத்தேன். நொண்டல் போய்விட்டது. இடறல் போகவில்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றல்ல. எல்லோரும் சொன்னார்கள் என்று நானும் அவன் காலின் மேலேயே பழியைப் போட்டிருக்கிறேன். அது உறுத்தியது.

பிரேம்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறுக்குப் பிறகு பதினேழு என்று ஒன்று இருந்தது. முடிவு தொடக்கத்தோடு சேராமல் போய்விடுமோ என்ற பயத்தில், முதல் பிரேமையே நகலெடுத்துக் கடைசியில் ஒட்டியிருந்தேன்; முதலை மாற்றினால் அதுவும் கூடவே மாறும். சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்போது அதே நிலை இரண்டு தடவை வருகிறது. அந்த நொடித்துண்டில் கால் அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

பதினேழை அழித்தேன். விக்கல் நின்றது.

மணி மூன்றேகால். இதையே அனுப்பிவிடலாம்; வேலை முடிந்தது. ஆனால் காலையில் அண்ணன் நடையில் கைவைப்பதற்கு முன் ஒரு நகலை எடுத்து வைத்திருந்தேன். அதைத் திறந்து, அதிலும் பதினேழை அழித்து ஓடவிட்டேன். அண்ணன் நடந்தான். இடப்பக்கம் சாய்ந்தான், தோளால் நிமிர்ந்தான், மறுபடி சாய்ந்தான். எங்கேயும் நிற்கவில்லை. சுற்று எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் வந்து பின்னால் நின்றார்.

"இப்பவும் நொண்டுறாரே?"

"ஆமா சார், நொண்டுறார். தடுக்கலை."

"நான் எடுக்கச் சொன்னேனே?"

"எடுத்தும் பாத்துட்டேன். தப்பு காலில் இல்லை சார், என் பிரேமில் இருந்தது. அந்த வாசலுக்கு வர்றவங்க நடக்கிற மாதிரிதான் இவர் நடக்கிறார். நேரா நடக்கிறவருக்கு அங்கே என்ன வேலை?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அண்ணன் பத்துப் பதினைந்து சுற்று நடந்திருப்பான். சோடாபுட்டிகூட நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்.

"அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் அண்ணனுக்குத்தான் அனுப்பினேன். உடனே அவனிடமிருந்து போன் வந்தது.

"எவ்வளவு பெருசா வரும்?" என்றான்.

"ஆள் உயரம்."

"சொல்லியிருந்தா நல்ல செருப்பா போட்டிருப்பேனே."

"செருப்பு ஒண்ணுதான் குறைச்சலா இப்ப?"

"என்னைக்கு மாட்டுறாங்கன்னு கேட்டு வை. போய்ப் பாக்கணும்."

"ஆட்டோ சொல்லவா?"

"ஆஸ்பத்திரி நாலு தெருதானே. நடந்தே போயிடலாம்."