கையைத் துடைத்த படம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஊர்ச் சந்தைகளில் நாட்டுப்புறப் பாடகர்களைப் படமெடுப்பது வெர்னாவுக்கு இருபது வருடப் பிழைப்பு. அதற்குள் உண்மையிலேயே மாட்டுச் சாணத்தை மிதித்த பாடகர்கள் என்று இரண்டு பேரைத்தான் பார்த்திருந்தாள்.

வேட் ஸ்டாலிங்ஸ் அந்த இருவரில் சேர்த்தி இல்லை. பல் டாக்டர் மகன். டிராக்டர், வியர்வை, அப்பாவின் காய்த்துப்போன கை என்று பாடியே பெரிய ஆளானவன். அன்று மத்தியானம் மேடைக்குப் பின்னால் ஒருத்தி அவனுடைய பூட்ஸுக்குத் தூரிகையால் சேறு பூசிக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கமா எடு வெர்னா. வலது பக்கம் தாடை தொங்குது."

"உனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்பா."

அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு அவன் சிரித்தான்.

வெளியே அவன் முகம் போட்ட சட்டைகளைத் தொப்பைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ரசிகர்கள் வெயிலில் காய்ந்தார்கள். அவர்கள்மேலும் வெர்னாவுக்குப் பெரிய மதிப்பில்லை. வரிசையில் முதல் ஆள் எல்ராய் புரூயிட், எழுபது வயதுப் புகையிலை விவசாயி. வேட் வெளியே வந்ததும் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்த அப்பா பாட்டு... எங்கப்பாவப் பக்கத்துல இருந்து பாத்தாப்ல பாடிட்டீங்க."

வேட் அவரைக் கட்டிக்கொண்டான். மறுநொடி திரும்பி, மூக்கைச் சுளித்து, கையில் ஒட்டிய புகையிலைப் பிசினை ஈரத்தாளால் தேய்தேயென்று தேய்த்தான். பின்னால் எல்ராய் இன்னும் பூரிப்போடு நின்றார். வெர்னா அதை எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. ரசிகர்கள் போன் போட்டுத் திட்டினார்கள், பாடகனை அல்ல, வெர்னாவை. "வயித்தெரிச்சல் புடிச்ச பொம்பள!" என்று ஒருத்தி கத்தினாள். வெர்னா சிரித்துக்கொண்டாள். ஆட்டுமந்தை.

பிறகு எல்ராய் கூப்பிட்டார். "அம்மா, படத்துல பின்னால நிக்கிறவன் நான்தான்."

ஆறுதல் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "கை கழுவாம வந்தது என் தப்பு. பாவம், அந்தப் புள்ளைய எல்லாரும் ஏசப்போறாங்க. எனக்கு அந்தப் படம் பெருசா ஒண்ணு வேணும்."

"உங்களுக்குக் கோவமே வரலையா?"

"எதுக்கும்மா? நாங்க ரெண்டு பேரும் சேந்து இருக்கிறது அது ஒண்ணுதானே."

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டாள். வேட் இருக்கும் பாதியை வெட்டியெறிந்துவிட்டு எல்ராயை மட்டும் அனுப்பலாமா என்று கத்தரிக்கோலோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் இருவரையும் சேர்த்தே உறையில் போட்டு ஒட்டினாள். தபாலாபீஸ்வரை வழிநெடுக இருவரையும் வைதுகொண்டே போனாள்.