பெயின்ட் உரித்த இன்ஜின்

என் அண்ணன் டெஸ்மண்டைப் போலச் சட்டம் பேசுகிறவன் யார்க்‌ஷயர் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். எங்கள் ஊர் பொம்மை ரயில் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். பொம்மை என்று சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'மாதிரி ரயில்' என்று சொல்ல வேண்டுமாம். அதனாலேயே நான் பொம்மை என்றுதான் சொல்வேன்.

சங்கத்தின் பெரிய மேசையில் ஸ்டேஷன், சுரங்கம், ஆடு மேயும் மேடு எல்லாம் உண்டு. வெளியே எந்த வருஷம் நடந்தாலும் அந்த மேசையில் மட்டும் எப்போதும் 1937தான். அந்த வருஷத்தில் நிஜ இன்ஜின் எந்த நிறத்தில் ஓடியதோ, அந்த நிறம் இருந்தால்தான் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். என் வீட்டுக்காரர் செட்ரிக்கின் இன்ஜின் கறுப்பு. அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கறுப்பாம். ஆகவே ஒவ்வொரு கண்காட்சியிலும் ஊரார் இன்ஜினெல்லாம் ஓட, இவர் மூலையில் நின்று டீ கப் கழுவுவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார், வாயில்லாப் பூச்சி. எனக்குத்தான் வயிறு எரியும்.

இந்த வருஷம் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கறுப்பை உரிச்சுப் போட்டுட்டு முப்பத்தேழுல இருந்த பச்சையை அடிங்க. அப்புறம் எங்கண்ணன் என்ன சொல்றான்னு நானும் பாக்குறேன்" என்றேன்.

இவர் இன்ஜினின் மேல்கூட்டைக் கழற்றி, ஊறுகாய் ஜாடியில் போட்டு, முழங்கால் சிராய்த்தால் தடவுவோமே, அந்தப் பழுப்பு மருந்தைக் கழுத்து வரை ஊற்றினார். காட்டமான தின்னர் என்றால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகிவிடும். இதில் பெயின்ட் மட்டும் தோல் சுருங்கிக் கழன்றுவிடுமாம். என் சமையலறை பிரசவ வார்டு மாதிரி நாறியது. வறுத்த மீன்கூட மருந்து வாசனை அடித்தது.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழன் மாலை அண்ணன் மேற்பார்வை பார்க்க வந்தான். இவர் இன்னொரு கிண்ணத்தில் அதே மருந்தை ஊற்றி வைத்து, கூட்டை ஜாடியிலிருந்து பதமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி தடவிக்கிட்டு இருக்கே? கொண்டா இங்க. நான் உரிச்ச இன்ஜினுக்குக் கணக்கு வழக்கே கிடையாது."

"மச்சான், தண்ணியில மட்டும்..."

"தண்ணியில அலசாம டீயிலயா அலசுவாங்க?"

பிடுங்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தான். தண்ணீர் பட்டதும் மருந்து பால் மாதிரி வெளுத்தது. ஊறி இளகியிருந்த பெயின்ட் ஒரு நொடியில் தார் ஆகிவிட்டது. கூட்டில் பாதி, என் அண்ணனில் பாதி. விரலிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து என் புதுத் துண்டுக்கு.

"சனியன், விட மாட்டேங்குதே!"

"தாடியில கையை வைக்காதே!" என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

"முதல்ல மருந்துலயே அலசணும்னு சொல்ல வந்தேன்" என்றார் இவர்.

"சொல்றதைக் கொஞ்சம் சத்தமா சொல்றதுக்கென்ன?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் இவர் முகத்தைப் பார்த்தேன். தீய்ந்த மிட்டாய் போல இருந்த அந்தக் கறுப்புக் கட்டியைக் கையில் ஏந்தி நின்றார். "பரவால்ல மச்சான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். வருஷா வருஷம் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு என் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணனுக்கும் எங்கோ உறைத்திருக்க வேண்டும். மறுநாள் மருந்துக் கடையில் இருந்த பாட்டிலையெல்லாம் வாங்கி வந்தான். யாருக்கு அவ்வளவு பெரிய அடி என்று கடைக்காரப் பெண் பதறிப்போனாளாம். இருவரும் பல் தேய்க்கும் பிரஷ்களோடு உட்கார்ந்து, பழைய மருந்து கறுக்கக் கறுக்கப் புதியதில் முக்கித் தேய்த்தார்கள். பொழுது சாயும்போது வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மிஞ்சியது. பச்சை அடித்தால் காய நேரமில்லை.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் இவர் வழக்கம்போல் நேராக டீ மேசைக்குப் போனார். அண்ணன் என்னிடம் வந்து, "முரியல், அதை எடு" என்றான். கைப்பையில் கொண்டுவந்திருந்த இன்ஜினை எடுத்துக் கொடுத்தேன். சக்கரங்களின் மேல் கூட்டை மாட்டித் தண்டவாளத்தில் வைத்தான்.

பக்கத்து ஊர் சங்கத் தலைவர் பிக்கர்ஸ்கில் எப்போது இவன் சறுக்குவான் என்று காத்திருக்கிற ஆள். கூட்டம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்.

"என்ன தலைவரே, இது என்ன கோலம்? முப்பத்தேழுல இன்ஜின் அம்மணமாவா ஓடுச்சு?"

பெற்ற தாய்க்காகக்கூடச் சட்டத்தை வளைக்காதவன் என் அண்ணன். இன்ஜினைப் பார்த்தான். கப் கழுவுகிற இவரைப் பார்த்தான். தாடியில் இன்னும் தார் ஒட்டியிருந்தது.

"புது இன்ஜின் பட்டறையை விட்டு வெளிய வந்தா, முதல்ல சாம்பல் அடிச்சுத்தான் போட்டோ எடுப்பாங்க. அப்பத்தான் படத்துல ஒவ்வொரு ஆணியும் பளிச்சுனு தெரியும். முப்பத்தேழுலயும் அதான் வழக்கம், உமக்குத் தெரியாதா? இது இன்னிக்குக் காலையிலதான் வெளிய வந்துச்சு."

"அதுக்கு ஏன்யா ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது?"

"இப்பத்தானே பொறந்திருக்கு!"

ஹால் முழுக்கச் சிரித்தது. போட்டோ விஷயம் உண்மைதான் என்பதால் பிக்கர்ஸ்கில் மெல்லக் கூட்டத்துக்குள் நழுவினார்.

"மாப்ளே, கப்பைக் கீழ வை. வந்து ஓட்டு."

இவர் ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து குமிழைத் திருகினார். சாம்பல் இன்ஜின் சுரங்கத்துக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. இவர் குழந்தை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் அழுதேன். வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் மூட்டை கட்டும்போது அண்ணன் பழைய தோரணைக்கு வந்துவிட்டான்.

"திங்கக்கிழமை கொண்டா மாப்ளே. சரியான பச்சை என்கிட்ட இருக்கு, நானே அடிச்சுத் தர்றேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

இவர் இன்ஜினைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். என் அண்ணனுக்கு இவர் மறுப்பு சொல்லி நான் கேட்டதேயில்லை.

"வேண்டாம் மச்சான்" என்றார். "போட்டோக்காரர் இன்னும் வரலை."