கஜானாவின் சிபாரிசு

டமார்!

உள்விளையாட்டு அரங்கத்தின் ஸ்கோர் போர்டு சுவரை விட்டுப் பெயர்ந்து, வாலிபால் வலைக்குப் பக்கத்தில் தலைகுப்புற விழுந்தது. கல்லூரி ஆட்சிக்குழுவின் தலைவர் அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கால் வைத்திருந்தார்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?" கோச் ஓடி வந்தார்.

"இல்ல மாஸ்டர்! நாங்க எல்லாரும் தண்ணி குடிக்கப் போயிருந்தோம்" என்று பெண்கள் கூட்டமாகக் கத்தினார்கள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார் தலைவர். அடுத்த மூச்சிலேயே பக்கத்தில் நின்ற பர்சரிடம் திரும்பினார். "இதை மாத்த எவ்வளவும்மா ஆகும்?"

"அந்தக் காசுல சேப்பல் கூரை ஒழுகறதைப் பாதி அடைச்சிடலாம் சார்."

கல்லூரியின் வரவு செலவு முழுக்க அவள் கையில். மாணவர்களும் மாணவிகளும் அவளுக்கு வைத்திருந்த பெயர் கஜானா. விழுந்த போர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கோச், கஜானாவின் கணவர். மாணவராக இதே கல்லூரியின் ஆண்கள் டீமில் ஆடி, இதே கல்லூரியில் பெண்கள் டீமுக்குக் கோச் ஆனவர்.

தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்குப் பல்லாகத்தான் தெரியும்.

"சொத்தைப் பல்லை வாயில வச்சுக்கிட்டு வலிக்குதுன்னு அழுது என்ன பிரயோஜனம்? இந்த வருஷம் புதுசா சேர்ந்த பிள்ளைங்க போன வருஷத்துல பாதி கூட இல்ல. டீம் செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. பிடுங்கிடலாம்மா. வெள்ளிக்கிழமை கமிட்டி. உன் சிபாரிசோட வந்துடு."

டீம் போனால் கோச் வேலையும் போகும். அது தலைவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வீட்டில் கோச் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பாடாம நறுக்குங்களேன். வெங்காயத்துக்கே கண்ணீர் வருது" என்றாள் அவள்.

"என்னன்னு எழுதப் போறே?"

"இருக்கறதைத்தான் எழுதணும். உங்க டீம் செலவுல முக்கால்வாசி லாட்ஜ் பில். வெளியூர் மேட்ச் ஒவ்வொண்ணுக்கும் ரூம்."

கோச்சின் கத்தி ஒரு நொடி நின்றது. மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

"எழுது. வீட்டுக்காரரைக் காப்பாத்தப் பொய் எழுதினான்னு உனக்குப் பேர் வரக் கூடாது."

"சண்டையாவது போடுங்களேன்!"

"கத்தி என் கையில இருக்கு. இப்பப் போட்டா நல்லா இருக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் ஃபோன் அடித்தது. தொலைதூரச் சிற்றூர் ஒன்றின் போதகர்.

"எங்க மேல ஏதாவது வருத்தமாம்மா?"

"ஐயய்யோ, எதுக்கு ஐயா?"

"உங்க டீம் இந்தப் பக்கம் ஆட வந்தா எங்க சர்ச் ஹால்லதானே படுப்பாங்க? காலையில ஹாலைப் பெருக்கிட்டு, ஆராதனையில ஒரு பாட்டுப் பாடிட்டுப் போவாங்க. போன வருஷம் ஆட வந்தாங்களாம், ஆனா இங்க வரலை. எங்க சபைக்காரங்க பாய், தலையணை எல்லாம் எடுத்து வச்சுக் காத்திருந்து ஏமாந்து போயிட்டாங்க. வருஷா வருஷம் உங்க பிள்ளைங்களைப் பார்த்துட்டு எங்கள்ல ரெண்டு மூணு பொண்ணுங்க உங்க காலேஜுக்குக் கிளம்பும். இந்தத் தடவை எல்லாம் வேற எங்கயோ போய்ச் சேர்ந்துடுச்சுங்க."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது.

போன வருஷத் தொடக்கத்தில்தான், சர்ச் பெஞ்சில் படுத்து எழுந்த கோச்சுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் ரோபோ மாதிரி முழு உடம்பையும் திருப்பித்தான் அவளைப் பார்த்தார். பரிதாபப்பட்டு, பேரம் பேசி, தள்ளுபடி வாங்கி, டீமுக்கு லாட்ஜ் ஏற்பாடு செய்தது அவள்தான். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்தோமே என்று வருத்தம்கூடப் பட்டாள்.

மதியம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கஜானா நுழைந்ததும் சத்தம் சட்டென்று அடங்கியது. ஃபீஸ் பாக்கி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று சிலர் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

"பயப்படாதீங்க, பணம் கேட்க வரலை. நம்ம டீம் உங்க ஊர் சர்ச்ல தங்கினதைப் பார்த்துட்டு இங்க சேர்ந்தவங்க யாரு? கையைத் தூக்குங்க."

மூன்றாம் வருஷ மேஜைகளில் பாதிக்கு மேல் ஸ்பூன்கள் உயர்ந்தன. இரண்டாம் வருஷத்திலும் அப்படித்தான். முதல் வருஷ மேஜையில் ஒரே ஒரு கை.

"நான் டீமைப் பார்க்கலை மேடம். எங்கக்கா பார்த்துட்டு இங்க வந்தா. அவ என்னை இழுத்துட்டு வந்துட்டா."

பக்கத்து மேஜையில் ஸ்பூனோடு நின்ற குட்டையான பெண்ணிடம், "நீ வாலிபால் ஆடுவியா?" என்று கேட்டாள்.

"பந்து வந்தா நான் கண்ணை மூடிக்குவேன் மேடம்."

"அப்புறம் எதுக்கும்மா இங்க வந்தே?"

"அந்த அக்காங்க எங்க ஹால்ல பாடினாங்க மேடம். சகிக்கலை! ஆனா சிரிச்சுக்கிட்டே பாடினாங்க. இப்படிச் சிரிக்கிற பிள்ளைங்க இருக்கிற இடம்னா நம்பி உன்னை விடலாம்னு எங்கம்மா சொன்னாங்க."

கூடமே சிரித்தது. டீம் மேஜையிலிருந்து, "சகிக்கலையா? வெளியே வா, பேசிக்கலாம்!" என்று ஒரு குரல் வந்தது.

கஜானா நேராக அரங்கத்துக்குப் போனாள். கோச் உடைந்த போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"லாட்ஜ் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "பிள்ளைங்களுக்கும் அது பிடிக்கலை. ஆளுக்கொரு ரூம்ல ஃபோனை நோண்டிக்கிட்டுக் கிடந்தாங்க. ஆனா நீ என் கழுத்துக்காக ஆசையா ஏற்பாடு பண்ணினே. அதை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"கழுத்து பிடிச்சா எண்ணெய் தடவி விட்டிருப்பேனே! இப்ப உங்க வேலையே போகப் பார்க்குது."

வெள்ளிக்கிழமை கமிட்டி அறையில் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "என்னம்மா, பிடுங்கிடலாமா?"

"வேண்டாம் சார். பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அது மேல தங்க கேப் மாட்டிக் கெடுத்துட்டேன்."

லாட்ஜ் விஷயத்தையும் போதகர் ஃபோனையும் உயர்ந்த ஸ்பூன்களையும் ஒன்று விடாமல் சொன்னாள். "டீமைச் செலவுக் கணக்குல எழுதறோம். அவங்களைப் பார்த்துட்டு வர்ற பிள்ளைங்க ஃபீஸை வேற பக்கம் வரவுல வச்சுக்கறோம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா டீமே நமக்குச் சம்பாதிச்சுக் கொடுக்குது சார். லாட்ஜை ரத்து பண்ணிடலாம். பழையபடி சர்ச் ஹால்ல தங்கட்டும். ஸ்கோரை அட்டையில எழுதித் தூக்கிக் காட்டறோம்னு பிள்ளைங்களே சொல்லிட்டாங்க."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "வீட்டுக்காரர் வேலைக்காகப் பேசறான்னு வெளியே சொல்வாங்களே?"

"சொல்லட்டும் சார். சாப்பாட்டு நேரத்துல யார் வேணா வந்து கேட்கலாம். இன்னொரு தடவை கையைத் தூக்குவாங்க."

தலைவர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை.

"சரி, பிடுங்க வேண்டாம். ஒரு வருஷம் அடைச்சுப் பார்ப்போம்."

வாசலுக்கு வெளியே காத்திருந்த கோச்சின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அவர் சந்தோஷத்தில் எதையோ முனக, கமிட்டி முழுவதும் கதவைத் திரும்பிப் பார்த்தது.

எழுந்துகொண்டிருந்த தலைவருக்குச் சந்தேகம் ஒன்று பாக்கி இருந்தது. "ஒரு ராத்திரி வந்து தங்கின டீமைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு காலேஜையே முடிவு பண்ணிடுவாளாம்மா? என்னால நம்ப முடியலையே. நீயும் இங்க படிச்சவதானே? நீ எப்படி வந்து சேர்ந்தே?"

கஜானா கதவுப் பக்கம் பார்த்தாள். முனகல் இன்னும் நிற்கவில்லை.

"எங்கப்பாவோட சர்ச்ல ஒரு டீம் வந்து தங்குச்சு சார். சுருதியே சேராம பாடினார் ஒருத்தர், அவர் பின்னாடியே வந்துட்டேன்."