புஷ்ஷில் குத்திய புள்ளி

திரவியத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கரமனையில் ஒரு ரோடு கான்ட்ராக்டரின் ஒர்க்ஷாப்பில் அவர் போர்மேன். அவருக்குக் கீழே ஆறு மெக்கானிக்குகள். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து ஏலத்தில் எடுத்த புல்டோசர்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகாரர்கள். கைகாரர்கள் என்பதாலேயே அவருக்குச் சந்தேகம். சாயங்காலம் ஒவ்வொருவனும் கேட்டில் கருவிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வெளியே வேலை செய்யும் வண்டிகளைத் தினமும் கழுவியாக வேண்டும். சேறு அப்பிக்கிடந்தால் எந்த நட்டு காணாமற்போனது என்று எப்படித் தெரியும்? இரண்டும் அவர் போட்ட சட்டம்.

அந்த மழைக்காலத்தில், கல்லாற்றுக்கு மேலே மலைரோடு வெட்டிக்கொண்டிருந்த புல்டோசரின் உருளை ஒன்று இரண்டாம் தடவையாக லாரியில் வந்து இறங்கியது. சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புச் செயினைத் தாங்கும் உருளை அது. உள்ளே அச்சுக்கு உறையாக இருந்த வெண்கல புஷ் தேய்ந்து வளையல்போல் ஆகியிருந்தது. மதராஸிலிருந்து வரவழைத்த புத்தம்புது புஷ் ஒரு வருஷமாவது உழைக்க வேண்டாமா? இது ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை.

புதியதை அமுக்கிக்கொண்டு பழையதை மாட்டியிருக்கிறான் என்று திரவியம் முடிவுகட்டினார். சாலைக் கடைத்தெருவில் வெண்கலத்துக்கு நல்ல கிராக்கி. மாட்டியவன் சத்தியதாஸ், பாறசாலைக்காரன். ஆறு பேரில் அவன் வேலைதான் சுத்தம். வாயைத் திறந்து அதிகம் பேசவும் மாட்டான். காரியக்காரன் என்றைக்குப் பேசியிருக்கிறான்!

முதலாளியிடம் போய் நின்றார். "இந்த மட்டம் கள்ளனைக் கையும் களவுமாப் பிடிச்சுத் தாரேன். பிடிச்ச அன்னைக்கே அவன் சீட்டைக் கிழிச்சிரணும்."

முதலாளி தலையாட்டினார். திரவியம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, புதிய புஷ்ஷின் விளிம்பில் கூர் உளியால் கடுகளவு ஒரு புள்ளி குத்தி, ஒன்றும் அறியாதவர்போல் அதைச் சத்தியதாஸ் கையில் கொடுத்தார்.

ஒரு மாசத்தில் உருளை மறுபடியும் வந்தது. திரவியத்துக்கு உள்ளூரக் கொண்டாட்டம். முதலாளியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார்த்தினார். உருளையோடு வந்த டிரைவர் வேலப்பனும் நின்றான். சத்தியதாஸையே கழற்றச் சொன்னார்.

மூடி திறந்ததும் கைப்பிடி மணல் கொட்டியது. அப்புறம் தேய்ந்துபோன புஷ். விளிம்பைத் துடைத்தார் திரவியம். அவர் குத்திய புள்ளி அங்கேயே இருந்தது.

"அப்போ புஷ்ஷைத் தின்றது மணல்தான். மணல் எப்படி வந்தது?" என்றார் முதலாளி.

வேலப்பன் தலையைச் சொறிந்தான். "வைகுந்நேரம் வேலை முடிஞ்சதும் வண்டியை ஆத்துக்குள்ள இறக்கித்தான் முதலாளி கழுவுகேன். தினமும் கழுவணும்னு அண்ணாச்சிதானே சட்டம் போட்டது?"

முதலாளி திரவியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். திரவியம் புஷ்ஷைத் திருப்பினார். புள்ளிக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு சிலுவைக் கீறல்.

"இது யாரு போட்டது?"

"நான்தான்" என்றான் சத்தியதாஸ். "உங்க புள்ளியை அன்னைக்கே கண்டாச்சு. பின்னே, எனக்கும் ஒரு அடையாளம் வேண்டாமா? நீங்களே மாத்தி வச்சிட்டு என்னைச் சொன்னா நான் எங்க போவேன்?"

திரவியத்துக்குச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. தன்னையும் ஒருவன் சந்தேகப்படுவான் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

சாயங்காலம் சத்தியதாஸ் புதிய புஷ்ஷை மாட்டி முடித்து, கை கழுவி, பெட்டியோடு கேட்டுக்கு வந்தான்.

"நாளைக்கு வரமாட்டேன் அண்ணாச்சி. கொல்லத்தில வேற பணி பாத்தாச்சு."

"என்ன டே இது! நீ எடுக்கல்லன்னுதான் தெரிஞ்சாச்சே!"

"எனக்கு அது முந்தியே தெரியும்லா."

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தான்.

"வேண்டாம் டே, பூட்டு" என்றார் திரவியம்.

"பாத்துக்கிடுங்க. இல்லைன்னா உங்களுக்கு உறக்கம் வராது."

திரவியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், மூலையில் சுருட்டிக்கிடந்த அழுக்குத் துணியில் நின்றது.

சத்தியதாஸ் அந்தத் துணியையும் எடுத்து உதறிக் காட்டினான்.